மழைமேகம் தங்கும் அரபு மலைகள்: தோஃபார் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

ஓமன் நாட்டின் தென்கோடி மாநிலமான தோஃபாருக்கு, பண்பாட்டையும் இயற்கையையும் சேர்த்துப் பார்க்கும் நோக்கோடு ஒரு வாரம் சென்று வரலாம் என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில், பயணம் போக நினைக்கும் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: அரேபியா என்றாலே மணலும் வெயிலும்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தோஃபாரின் தலைநகரான சலாலாவில் குற்றாலத்தைப் போலச் சாரல் விழும் என்கிறார்களே, அது எப்படி? (தென்காசி வாசகர்)

பதில்: சாரல் விழுவது உண்மைதான், அதுவும் குற்றாலத்தில் விழும் அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்றினால்தான் விழுகிறது. ஜூன் மூன்றாம் வாரம் முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நீளும் இந்தப் பருவத்தை அங்குள்ளவர்கள் கரீஃப் என்கிறார்கள். ஆனால் ஈரம் வந்து சேரும் விதம் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கடற்காற்று நேராக மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. தோஃபாரிலோ காற்று கரைக்கு ஏறத்தாழ இணையாக வீசி, கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்நீரின்மேல் கடந்து வரும்போது மூடுபனியாக மாறுகிறது. அதற்கும் மேலே, வடக்கிலுள்ள பாலையிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று பானைக்கு மூடியிட்டதுபோல் அமர்ந்துகொள்வதால், பனி மேலெழுந்து கலைய முடியாமல், கடலுக்கும் மலைமுகட்டுக்கும் இடையே மூன்று மாதங்கள் தங்கிவிடுகிறது.

ஆகவே அங்கே பெய்வது பெருமழை அன்று. சலாலா நகரில் ஆண்டு முழுவதும் பதிவாகும் மழை 100 மில்லிமீட்டரை ஒட்டியதே. சென்னைக்கு அது ஒரே நாளில் கிடைத்துவிடக்கூடிய அளவு. மலைச்சரிவை உண்மையில் நனைப்பவை மரங்கள்தாம். மூடுபனியில் மிதக்கும் நுண்துளிகள் இலைகளிலும் கிளைகளிலும் படிந்து, திரண்டு, அடிமரத்தின் வழியே மண்ணில் இறங்குகின்றன. இந்தக் காட்டின் முதன்மையான மரம், நம் மலைக்காடுகளில் வளரும் வெக்காலி மரத்தின் நெருங்கிய உறவினம். தோஃபாரிலும் அதையொட்டிய ஏமன் பகுதியிலும் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மரத்தை வெட்டிவிட்டால் பனி வந்தாலும் மண் நனைவது குறைந்துவிடும். இதனால்தான் ஒட்டகங்களும் மாடுகளும் அளவுக்கு மீறி மேய்வதையும் புல்வெளியில் வண்டிகள் ஏறி இறங்குவதையும் கண்டு அங்குள்ள தாவரவியலாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

அதே மலையின் வடசரிவுக்குச் சென்றால் பசுமை சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரக் கார் பயணத்தில் மூடுபனிக் காட்டிலிருந்து கற்பாலைக்கு வந்துவிடலாம். தோஃபாரின் வரலாறு, வாணிகம், மொழி, உணவு அனைத்தும் இந்த ஒரே மலைக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு உலகங்களிலிருந்து பிறந்தவை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுவே.

கேள்வி: அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில் செல்வதுதானே சிறப்பு? பயண முகவர் அப்படித்தான் சொல்கிறார். (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: முகவர் சொல்வதில் நியாயம் உண்டு, அருவிகளையும் பனியையும் மட்டும் பார்க்க விரும்பினால் அதுதான் பருவம். ஆனால் நான் அக்டோபரின் பிற்பகுதியைப் பரிந்துரைக்கிறேன். கரீஃபின்போது வளைகுடா நாடுகள் அனைத்திலிருந்தும் குடும்பங்கள் வெயிலுக்குத் தப்பி சலாலாவில் குவிவதால் விடுதிக் கட்டணம் பல மடங்கு உயர்கிறது. மலைப்பாதையில் சில நாட்களில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. சம்ஹான் மலையின் விளிம்பில் நின்றால் வெண்மையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் புலப்படாது. கடலில் இறங்கவே முடியாது. அந்த மாதங்களில் பாலைப்பகுதியின் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும் என்பதால் அங்கே இரவு தங்கும் எண்ணத்தையும் கைவிட வேண்டியிருக்கும்.

கரீஃப் முடிந்ததும் வானம் தெளிகிறது. மலையில் புல் இன்னும் பசுமையாகவே இருக்கும். மேய்ப்பர்கள் தாழ்நிலத்தில் வைத்திருந்த ஒட்டகங்களை மேலே ஓட்டிச் செல்லும் காலமும் அதுவே. அக்டோபர் பிற்பகுதியில் பாலையின் இரவு தாங்கக்கூடியதாக மாறிவிடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கால்நடையாகச் செல்ல மிக உகந்த காலம். ஆனால் பசுமை பழுப்பாகிவிடும்.

கேள்வி: ஒரு வாரம் போதுமா? எந்த வரிசையில் செல்வது? (சென்னை வாசகர்)

பதில்: அவசரப்படாமல் பார்க்க ஒரு வாரம் சரியான அளவு. சலாலாவுக்கு மஸ்கட் வழியாக விமானத்தில் செல்வதே எளிது. சாலை வழியாகச் சென்றால் பெரும்பாலும் வெறும் சமவெளியில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

முதல் நாளைச் சலாலா நகருக்கே கொடுங்கள். கடற்கரையை ஒட்டிய அல் பலீத் என்னும் இடிபாடு, இடைக்காலத்தில் ஸஃபார் என்ற பெயரில் விளங்கிய துறைமுகம். 144 தூண்கள் தாங்கிய பெரிய பள்ளிவாசலின் அடித்தளத்தை இன்றும் காணலாம். அதன் வாயிலிலேயே உள்ள அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், பின்னர் வரும் நாட்களில் காணப்போகும் ஒவ்வொன்றுக்கும் பின்னணி கிடைத்துவிடும். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, தென்னையும் வெற்றிலையும் இந்தியாவுக்கு வெளியே இந்த ஊரில் விளைவதைக் கண்டு வியந்து எழுதினார். இங்கிருந்து கோழிக்கோட்டுக்கு நல்ல காற்றிருந்தால் ஒரு மாதக் கடற்பயணம் என்றும் குறித்தார். அந்தத் தென்னந்தோப்புகள் இன்றும் நகருக்கு நடுவே இருக்கின்றன. சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் பப்பாளியும் விற்கிறார்கள். மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்ட மாபார் கரைக்குக் குதிரைகளை ஏற்றி அனுப்பிய துறைகளின் வரிசையில் தோஃபாரையும் சேர்க்கிறார். சேரமான் பெருமாளின் சமாதி என்று காட்டப்படும் ஓரிடமும் இந்நகரில் உண்டு. அது மரபுவழிச் செய்தி. வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது.

அடுத்த இரண்டு நாட்கள் கிழக்கே. தாக்கா என்னும் மீன்பிடி ஊரில் கோட்டையாக விளங்கிய பழைய ஆளுநர் மாளிகையைப் பார்த்துவிட்டு, தர்பாத் பள்ளத்தாக்குக்கு ஏறலாம். அங்கே ஓடைநீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு நெடுங்காலமாகப் படிந்து படிந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரப் பாறைச்சுவராக நிற்கிறது. நல்ல மழையாண்டில் அதன்மீது அருவி விழும். நீர் தெளிவாகத் தோன்றினாலும் ஓடையில் இறங்க வேண்டாம். நத்தைகளால் பரவும் ஒட்டுண்ணி நோய் இப்பகுதியின் நன்னீரில் உண்டு. அதற்குக் கீழே, அதே ஓடை கடலைச் சந்திக்கும் கழிமுகத்தில்தான் பழைய சும்ஹுரம் துறைமுகம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். அன்றிரவு மிர்பாத்தில் தங்குங்கள். செதுக்கிய மரச் சன்னல்கள் கொண்ட வணிகர் வீடுகள் பல அங்கே இடிந்த நிலையில் நிற்கின்றன. ஓமன் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 1965 முதல் 1975 வரை நடந்த தோஃபார் போரின் பெயர்பெற்ற மோதல் 1972 ஜூலையில் இந்த ஊரில்தான் நிகழ்ந்தது. மறுநாள் சம்ஹான் மலை. கடலோரச் சமவெளியிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் அதன் விளிம்பில் நின்று பார்ப்பது, இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் காட்சி. இறங்கும் வழியில் தாவி அத்தைர் என்னும் பெருங்குழி. 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது, பறவைகளின் குரலால் நிறைந்தது. ஹின்னா பள்ளத்தாக்கில் பெருக்கமரங்கள் நிற்கின்றன. மன்னாரிலும் இராமநாதபுரம் கடற்கரையிலும் அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்று நாம் காட்டும் அதே மரம்தான். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது.

நான்காம் நாள் ஹாசிக் வரை கடலோரச் சாலையில் சென்று திரும்பலாம். இடையில் ஊர்கள் குறைவு. எரிபொருளை மிர்பாத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மேற்கே முக்ஸைல் கடற்கரை. பாறைத் துளைகள் வழியே அலை பீய்ச்சியடிப்பது கரீஃபில்தான் வலுவாக இருக்கும். அதற்கும் அப்பால் ஏமன் எல்லையை நோக்கிச் செல்லும் வளைந்தேறும் மலைச்சாலையில், லுபான் என்னும் நறும்பிசின் தரும் மரங்களை இயற்கையான நிலையில் காணலாம்.

ஆறாம் நாள் மலையைக் கடந்து வடக்கே தவ்கா பள்ளத்தாக்கு, தும்ரைத், ஷிஸ்ர், பின்னர் ரூப் அல் காலி என்னும் பெரும் மணற்பாலையின் விளிம்பு. அங்கே ஒரு இரவு. ஏழாம் நாள் திரும்புதல். மணலுக்குள் ஒற்றை வண்டியில் செல்லாதீர்கள். இரண்டு வண்டிகள், சக்கரக் காற்றைக் குறைத்து ஓட்டத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர், தேவைக்கு இருமடங்கு தண்ணீர் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த நிறுவனம் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: தோஃபாரில் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்ததாகப் படித்தேன். அங்கே தமிழர் குடியிருப்பு இருந்ததா? (மதுரை வாசகர்)

பதில்: பானையோடு கிடைத்தது உறுதி. சும்ஹுரம் அகழாய்வை நடத்திவரும் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகக் குழுவினர் 2006இல் ஒரு குடியிருப்புப் பகுதியில் அதைக் கண்டெடுத்தார்கள். உடைந்த சாடி ஒன்றின் தோள்பகுதியைத் தேய்த்து மூடியாக்கியிருந்தார்கள். அதன்மேல் தமிழ்-பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அவை தமிழ்-பிராமி என்பது 2012இல் இந்தியத் தொல்லியலாளர்கள் பார்த்த பிறகே வெளிவந்தது. கீரன் என்று முடியும் ஓர் ஆளின் பெயராக அதைப் படித்திருக்கிறார்கள், காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்பது அறிஞர்களின் கருத்து. செங்கடற்கரையில், எகிப்தின் குசைர் அல் காதிம் துறைமுகத்திலும் இப்படித் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் முன்பே கிடைத்திருந்தன.

இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மூடியை வைத்துக் குடியிருப்பு இருந்தது என்று முடிவு கட்ட இயலாது. ஆனால் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரின் கை பட்ட பொருள் அந்த ஊரின் வீட்டுப் புழக்கத்தில் இருந்தது என்பது பெரிய செய்தி. மூடி என்பது விற்பனைச் சரக்கன்று, சமையலறையில் அன்றாடம் எடுத்து வைக்கும் பொருள். இதற்குப் பொருத்தமான ஒரு சான்று, அதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் வழிகாட்டி என்னும் கிரேக்க நூலில் இருக்கிறது. தமிழகத்தின் மேற்குக் கரையிலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் பருவம் தவறித் திரும்பும் கப்பல்கள் மோஸ்கா என்னும் துறையில் குளிர்காலத்தைக் கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்து, அரசனின் அலுவலர்களிடமிருந்து நறும்பிசினைப் பெற்றன என்கிறது அந்நூல். மோஸ்கா என்பது சும்ஹுரம்தான் என்று ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள். காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாலுமிகள் அங்கே சமைத்துண்டு வாழ்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

ஊரின் அமைப்பையும் நின்று நிதானமாகப் பாருங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி, மேற்கே இன்றைய ஏமனில் இருந்த ஹத்ரமவுத் அரசினர் நிறுவிய கோட்டை நகரம் அது, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. வாயில் நேராக உள்ளே விடாமல் வளைந்து வளைந்து செல்கிறது. அதன் சுவரில் தென் அரேபிய எழுத்தில் நகரம் எழுந்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. பிசின் ஓர் அரசுடைமைப் பண்டம் என்பதையும், ஒரு மூட்டைகூடக் கணக்கில்லாமல் வெளியேறக்கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதையும் அந்த வாயிலே உணர்த்துகிறது. 1950களில் அமெரிக்கக் குழுவொன்று இங்கே தோண்டியபோது கிடைத்த இந்தியப் பெண்ணுருவ வெண்கலச் சிலை இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. கழிமுகத்தின் வாய் காலப்போக்கில் மணலால் அடைபட்டுவிட்டது; கப்பல்கள் நின்ற நீரில் இன்று பூநாரைகள் இரை தேடுகின்றன.

கேள்வி: அந்த நறும்பிசின் நம் வீட்டுச் சாம்பிராணிதானா? மரத்திலிருந்து எப்படி எடுக்கிறார்கள்? வாங்கி வரலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: நம் கடைகளில் சாம்பிராணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசிய மரமொன்றின் பிசின். தோஃபாரில் கிடைப்பது வேறு மரத்தினுடையது. அங்கே அதை லுபான் என்கிறார்கள். தமிழ் விவிலியத்தில் குழந்தை இயேசுவுக்குப் பொன்னோடும் வெள்ளைப்போளத்தோடும் படைக்கப்பட்ட தூபவர்க்கம் இதுவே. உங்கள் பகுதித் தேவாலயங்களில் குந்திரிக்கம் என்ற பெயரில் இதை அறிந்திருப்பீர்கள்.

மரம் பார்ப்பதற்கு எளியது. ஆள் உயரத்தைவிடச் சற்று அதிகமாக, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, காகிதம் போல உரியும் பட்டையோடு, கல்லும் சுண்ணாம்புமான ஓடைப்படுகைகளில் வளர்கிறது. மூடுபனி நேராக அதன்மேல் படியக்கூடாது. ஆனால் மலைமுகட்டைத் தாண்டி வரும் குளிர்ந்த காற்று எட்ட வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் நிலம் மலையின் வடபுறத்தில் ஒரு குறுகிய பட்டையாகவே இருப்பதால், அங்கே விளையும் ஹோஜரி என்னும் வகை மிக உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. கடற்புறச் சரிவில் ஈரத்தில் வளரும் மரங்களின் பிசின் அதற்குக் கீழ்ப்பட்டது.

கோடை தொடங்கும்போது, மரப்பிடி போட்ட சிறு செதுக்குளியால் பட்டையை விரலகலத்துக்குச் சீவுகிறார்கள். அந்தக் காயத்தில் பால் போன்ற திரவம் துளிர்த்து இறுகுகிறது. முதல் சீவலில் வருவதற்கு மதிப்பில்லை; அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தை மீண்டும் சீவுகிறார்கள். அதற்கும் அடுத்த சீவலில்தான் தெளிந்த, வெளிறிய துளிகள் கிடைக்கும். எத்தனை இடத்தில் சீவலாம், எப்போது மரத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்பது தலைமுறைகளாக வந்த அறிவு. அளவு மீறிச் சீவிய மரம் விதை பிடிப்பது குறைகிறது. இளம் கன்றுகளை ஒட்டகம் மேய்ந்துவிடுகிறது. தவ்கா பள்ளத்தாக்கை வேலியிட்டுக் காப்பதற்குக் காரணம் இதுவே. அந்தப் பள்ளத்தாக்கு, சும்ஹுரம், அல் பலீத், ஷிஸ்ர் ஆகிய நான்கையும் சேர்த்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மரம் வளரும் இடம், வணிகக்கூட்டம் தண்ணீருக்கு நின்ற இடம், கப்பலேற்றிய இரு துறைகள் என ஒரு பண்டத்தின் முழுப் பாதையையும் ஒருசேரக் காப்பது மிக அறிவார்ந்த முடிவு என்று நான் கருதுகிறேன்.

வாங்குவதற்குச் சலாலாவின் ஹஃபா சந்தைக்குச் செல்லுங்கள். கடைகளை நடத்துபவர்களில் பெண்கள் பலர் உண்டு. சோமாலியாவிலிருந்து வரும் பிசினும் அதே கூடைகளில் விற்கப்படுவதுண்டு. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டே வாங்குங்கள். பட்டைத் துணுக்குகள் ஒட்டாமல், வெண்மையில் இளம்பச்சை கலந்து, ஒளி ஊடுருவும் துண்டுகளே உயர்ந்தவை. கருத்துச் சிவந்தவை விலை மலிவு. அன்றாடப் புகைக்கு அவையே போதும்.

கேள்வி: மணலில் புதைந்த உபார் நகரை விண்வெளிப் படங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்களாமே? (ஈரோடு வாசகர்)

பதில்: ஷிஸ்ர் கண்டுபிடிப்பு 1992இல் உலகச் செய்தித்தாள்களில் அப்படித்தான் வந்தது. விண்கல ராடார் படங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்த பழைய ஒட்டகப் பாதைகளைப் பின்தொடர்ந்த ஒரு குழு, அவை கூடும் ஷிஸ்ர் ஊற்றின் அருகே தோண்டி, மதிலும் கோபுரங்களும் கொண்ட ஒரு சிறு கோட்டையை வெளிக்கொணர்ந்தது. அடியிலிருந்த சுண்ணாம்புக் குகை இடிந்து கோட்டையின் ஒரு பகுதி குழிக்குள் விழுந்திருந்தது. திருக்குர்ஆன் கூறும் தூண்களையுடைய இரம் நகரம் இதுவே என்ற பேச்சும் கிளம்பியது. ஆனால் அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ஜூரிஸ் ஜாரின்ஸே, உபார் என்பது ஒரு தனி நகரத்தைவிட ஒரு நிலப்பகுதியையும் அதன் மக்களையும் குறித்திருக்கக்கூடும் என்று பின்னாளில் கூறினார். மாடமாளிகைகளை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். பாலையைக் கடக்குமுன் கடைசித் தண்ணீர் கிடைக்கும் இடத்தை ஒரு சமூகம் எத்தனை அக்கறையோடு காத்தது என்று பார்ப்பவர்களுக்கு அந்தச் சிறிய மதிலும் ஊற்றும் நிறைவு தரும்.

கேள்வி: அங்குள்ள மக்கள் எல்லோரும் அராபியர்தானே? பெண்கள் தனியாகச் செல்லலாமா? என்ன நடைமுறைகளைக் கவனிக்க வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: நாட்டின் பொதுமொழி அரபு. ஆனால் மலைமக்களின் தாய்மொழி ஜிப்பாலி அல்லது ஷஹ்ரி எனப்படுகிறது. பாலைப்புறத்தில் மஹ்ரி பேசுகிறார்கள். இவை அரபின் வட்டார வழக்குகள் அல்ல. அரபு பரவுவதற்கு முன்பிருந்தே தென் அரேபியாவில் வழங்கிய செமித்திய மொழிகளின் வழியில் வந்தவை. எழுத்து மரபு இல்லாமல் பாட்டாகவும் கதையாகவும் வாழ்ந்தவை என்பதால், இளந்தலைமுறை அரபுக்கு மாறிவரும் இந்நாளில் இவற்றுக்கு ஆபத்து மிகுந்திருக்கிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மலையில் பிறந்தவரைக் கேளுங்கள். ஒரு செடியின் பெயரையும் அதன் மருத்துவப் பயனையும் ஜிப்பாலியில் சொல்லத் தெரிந்தவரோடு நடப்பதற்கும், ஊர் சுற்றிக் காட்டுபவரோடு வண்டியில் போவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

பெண்கள் தனியாகச் செல்வதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை ஆண் பெண் இருவருக்கும் ஏற்றது. பள்ளிவாசலில் பெண்கள் தலையை மூட வேண்டும். உள்ளூர்ப் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கவே கூடாது. ஒரு வீட்டிலோ கூடாரத்திலோ காபியும் பேரீச்சம்பழமும் தந்தால் வலக்கையால் பெற்றுக்கொள்ளுங்கள். போதும் என்றால் கோப்பையை மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் மீண்டும் ஊற்றுவார்கள். நுழைவனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணச்சீட்டு எடுக்குமுன் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவினர், அம்மாவுக்கு எழுபது வயது. சமாளிக்க முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சலாலாவில் கேரளத்தவர் நடத்தும் உணவகங்கள் ஏராளம், தோசையும் சோறும் கிடைக்கும். மிர்பாத்துக்கு அப்பாலும் பாலையிலும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். அசைவம் உண்பவர்கள் சூடேற்றிய கற்களின்மேல் இறைச்சியைச் சுடும் மத்பி என்னும் தோஃபார் உணவைத் தவறவிட வேண்டாம். அம்மாவுக்கு ஹாசிக் பயணத்தையும் மணல்வெளி இரவையும் விட்டுவிடுங்கள். மற்ற இடங்கள் அனைத்துக்கும் வண்டி அருகிலேயே செல்லும்.

கேள்வி: தென் அரேபியா என்றால் ஏமனின் ஷிபாமும் சொகோத்ரா தீவும்தானே நினைவுக்கு வர வேண்டும்? அவற்றை ஏன் சேர்க்கவில்லை? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது மிகச் சரி, மண்கல்லால் ஏழு மாடிவரை எழுப்பிய ஷிபாமின் வீடுகளைக் காணாமல் அந்த நிலத்தின் கட்டடக்கலையை முழுமையாக அறிந்ததாகாது. ஆனால் ஏமனில் போர் நீடிப்பதால் இந்தியர்கள் அங்கே செல்வதற்கு நம் அரசு 2017இல் தடை விதித்தது; மீறிச் செல்பவர்களின் கடவுச்சீட்டு பறிமுதலாகக்கூடும். சொகோத்ராவும் ஏமனுக்கு உட்பட்டதே. அந்தத் தீவின் ஹோக் குகைக்குள் பழங்கால இந்தியக் கடலோடிகள் பிராமி எழுத்தில் தம் பெயர்களை ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுள் பரூச் ஊரினர் பலர். தடை நீங்கும் காலத்தில் அதைப் பற்றித் தனியாக எழுத விரும்புகிறேன்.

கேள்வி: பறவை பார்ப்பவன் நான். எங்கே, எப்போது செல்ல வேண்டும்? சிறுத்தையைக் காண வாய்ப்புண்டா? (வேடந்தாங்கல் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அரேபியச் சிறுத்தை சம்ஹான் மலையில் வாழ்கிறது, 1997இல் அந்த மலை காப்பகமாக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றை ஆய்வாளர்களே பெரும்பாலும் தானியங்கிக் கேமராவில்தான் காண்கிறார்கள், நீங்கள் காண்பதற்கில்லை. பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை செல்லுங்கள். காலையில் சும்ஹுரம் கழிமுகமும் சலாலாவைச் சுற்றியுள்ள மற்றக் கழிமுகங்களும். பூநாரைகளும் நாரைகளும் உள்ளான்களும் கூடும். மலையடிவாரத்து ரஸாத், ஹம்ரான் ஊற்றுகளில் தேன்சிட்டுகளும் தூக்கணாங்குருவி இனமொன்றும் கிடைக்கும். குளிர்காலத்தில் ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும் பெருங்கழுகுகள் நகருக்கு வெளியே குப்பை கொட்டும் இடத்தருகே நூற்றுக்கணக்கில் இறங்குகின்றன. இடம் அழகற்றது என்று தவிர்த்துவிடாதீர்கள். சம்ஹான் விளிம்பில் கருங்கழுகுக்காகக் காத்திருக்க நண்பகலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் ஏற்றது. பாறைமுகம் சூடேறிக் காற்று எழத் தொடங்கியதும் அவை உங்கள் காலடிக்குக் கீழிருந்து மேலே வரும்.